ஊர் ஏற்காது என்று சொன்னது யார்?

பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி வழக்கில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் எழுத்து மூலமாக ஒரு வாதத்தை வைத்தது. சிப்பாய்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வருகிறவர்கள், பெண் ஒருவர் ஆணையிடுவதை ஏற்கும் மனப்பக்குவம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்பது அதன் சாரம். 2020 பிப்ரவரி 17 அன்று நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், அஜய் ரஸ்தோகி இருவரும் அதைத் தள்ளிவிட்டு, நிரந்தரப் பணி கொடுக்கச் சொன்னார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் பெண் கர்னல்கள் படைப்பிரிவுகளுக்குத் தலைமையேற்றார்கள். கிராமத்திலிருந்து போன சிப்பாய்கள்தான் அவர்களுக்கும் சல்யூட் அடிக்கிறார்கள்.

அந்த வாதம் இந்த வழக்கில் மட்டும் எழுந்ததல்ல. இந்தத் தீர்ப்புக்கு ஓராண்டு முன்பே, 2019 ஜனவரி 10 அன்று, தரைப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் டெல்லியில் செய்தியாளர்களைச் சந்தித்தபோது அதே வாதம் வேறு உடுப்பில் வந்திருந்தது. தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு சொல்லி அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ராணுவம் சட்டத்துக்கு மேற்பட்டதல்ல என்று ஒப்புக்கொண்டார் தளபதி. ஆனால் ராணுவம் பழமை பேணும் குடும்பம், அது நவீனமாகிவிடவுமில்லை, மேற்கத்தியமாகிவிடவுமில்லை, இதை உள்ளே விட முடியாது, ராணுவச் சட்டத்தின் பிரிவுகளைக் கொண்டு நடவடிக்கை எடுப்போம் என்றும் சொன்னார். பழமை பேணுகிறவர் யார் என்று கேட்டால் கை மறுபடியும் கிராமத்துச் சிப்பாயையே காட்டும்.

அந்தச் சிப்பாயை எங்களுக்குத் தெரியும். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இருக்கிற வல்லம் பக்கத்தில், விடியுமுன் சாலையோரம் ஓடிக்கொண்டிருக்கும் பையன்களில் ஒருவன் அவன். அக்னிவீர் ஆள்சேர்ப்புக்கு 1,600 மீட்டரை வேகமாக ஓடிக் கடக்க வேண்டும், கம்பியில் புல்-அப் எடுக்க வேண்டும். பதினேழரை வயதிலேயே விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு மல்லாட்டைக் கொல்லையோ கூலி வேலையோ இருக்கும். சீருடை போட்டு ஒருவன் திரும்பி வந்தால் அந்தத் தெருவுக்கே நிமிர்வு. ஓடுகிற இந்தக் கூட்டத்தில், ஆணிடம் ஈர்ப்புள்ள ஆணும் பெண்ணிடம் ஈர்ப்புள்ள பெண்ணும், எல்லா ஊரிலும் இருப்பதுபோல, இருக்கத்தான் செய்வார்கள். வீட்டில் சொல்ல முடியாததைப் படையிலாவது சொல்ல முடியுமா, சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். தன்பாலீர்ப்புள்ளவர் படையில் சேரக் கூடாது என்று 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. ஆனால் 46-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, கொடூரமான, அநாகரிகமான அல்லது இயற்கைக்கு மாறான வகையில் கேவலமாக நடந்துகொள்வதைக் குற்றமாக்குகிறது. கோர்ட் மார்ஷலில் குற்றம் உறுதியானால் ஏழு ஆண்டு வரை சிறை. 45-ஆம் பிரிவு அதிகாரிகளின் 'தகாத நடத்தை' பற்றியது. 63-ஆம் பிரிவு ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் கேடான எதையும் பிடிக்கக்கூடிய அகல வலை. விமானப்படைச் சட்டத்திலும் 46-ஆம் பிரிவு ஏறக்குறைய அதே சொற்களோடு இருக்கிறது. இவற்றைத் தாங்கி நிற்பது அரசமைப்பின் 33-ஆவது பிரிவு. படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் சட்டம் இயற்றிச் சுருக்கலாம் என்று அது சொல்கிறது. திருமணத்துக்கு வெளியேயான உறவு குற்றமல்ல என்ற 2018 தீர்ப்பு படைச் சட்டங்களைத் தொடவில்லை என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. தன்பாலீர்ப்புத் தீர்ப்பையும் படை வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த விளக்கம் தெம்பு தந்திருக்கும்.

'இயற்கைக்கு மாறான' என்ற சொல் நம் ஊர்ச் சரக்கு கிடையாது. 1860-இல் வெள்ளைக்காரர்கள் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவில் அது வந்தது. ராணுவச் சட்டமும் 1911-இன் காலனியச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டதுதான். 377-ஐ 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சுருக்கியது. மனமொத்த வயது வந்தவர்களின் உறவை அது இனித் தொடாது என்றானது. பிறகு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. ஊர்க்காரனுக்கான சட்டத்திலிருந்து போய்விட்ட சொல் சிப்பாய்க்கான சட்டத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. மேற்கத்திய வழி வேண்டாம் என்கிறவர்கள் காப்பது மேற்கிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சொல்லைத்தான்.

இந்தப் பிரிவின் பெரிய கேடு வேறொன்று. அதைப் பற்றிப் போதிய அளவு யாரும் பேசுவதில்லை. இரண்டு பேர் மனமொத்துச் சேர்ந்ததையும், ஒருவர் இன்னொருவரைப் பலவந்தப்படுத்தியதையும் அது ஒரே வாக்கியத்தில் போட்டு மூடுகிறது. பேரக்கில் புதிதாக வந்த இருபது வயதுச் சிப்பாயிடம் மேலதிகாரி அத்துமீறினால் அவன் என்ன செய்வான்? புகார் எழுதினால், உனக்கும் விருப்பம் இருந்ததா என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்த கணமே அவன் சாட்சி என்ற இடத்திலிருந்து குற்றவாளி என்ற இடத்துக்கு நகர்ந்துவிடுவான். 377 முற்றாகப் போன பிறகு, ஆணைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குவதைத் தனியாகக் குற்றமாக்கும் பிரிவு பொதுச் சட்டத்திலும் இல்லை. ஆகவே படைக்கு வேண்டியது, சம்மதமில்லாத செயலை யார் யாருக்குச் செய்தாலும் தண்டிக்கிற தெளிவான தனிப் பிரிவு. சம்மதத்தோடு நடந்ததை விட்டுவிடுகிற தெளிவும் அதே அளவுக்கு வேண்டும். ஒழுக்கத்தைக் காப்பதாகச் சொல்லும் 46-ஆம் பிரிவு இன்று அத்துமீறுகிறவனுக்கு மறைப்பாகவும் அடிபட்டவனுக்குப் பூட்டாகவும் இருக்கிறது என்பது என் முடிவு.

மேஜர் ஜெ. சுரேஷ் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ராணுவத்தில் இருந்து 2010-இல் விலகினார். தான் தன்பாலீர்ப்புள்ளவர் என்பதையும், அப்படியே படையில் நீடிக்க வழியில்லை என்பதையும் 2020-இல் தாமே வெளிப்படையாக எழுதினார், தொலைக்காட்சியிலும் பேசினார். அவர் கதையால் தூண்டப்பட்டு ஒனிர் என்ற இயக்குநர் ஒரு திரைக்கதை எழுதிப் பாதுகாப்பு அமைச்சகத்திடம் அனுமதிக்கு அனுப்பினார். 2022 ஜனவரியில் மறுப்பு வந்தது. அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் இணை அமைச்சர் அஜய் பட் அதற்குக் காரணம் சொன்னார். காஷ்மீரில் பணியாற்றும் சிப்பாய்க்கும் உள்ளூர் இளைஞனுக்கும் காதல் என்று காட்டுவது ராணுவத்துக்கு இழுக்கு, பாதுகாப்புச் சிக்கலும் எழும் என்றார். படையிலிருந்து ஒருவர் போனார். அவர் ஏன் போனார் என்ற கதையையும் வெளியே வரவிடவில்லை.

கடற்படையின் சாபி கிரி வழக்கு வேறு வகை, அதை இதோடு குழப்பக் கூடாது. ஆணாகச் சேர்க்கப்பட்டவர், 2016-இல் பெண்ணாக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார், 2017 அக்டோபரில் 'பணி இனித் தேவையில்லை' என்று அனுப்பப்பட்டார். அவர் திருநங்கை. தன்பாலீர்ப்பு என்பது யார்மேல் காதல் என்பதைப் பற்றியது, திருநர் என்பது தான் யார் என்பதைப் பற்றியது. சட்டத்தில் இரண்டுக்கும் வழி வேறு. திருநரை அங்கீகரித்த 2014 ஏப்ரல் 15 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அவர்களுக்கு அரசுப் பணியில் இடம் திறக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டிலேயே பிரித்திகா யாஷினி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடி 2017-இல் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். துணை ராணுவப் படைகளின் உதவி கமாண்டன்ட் தேர்வில் மூன்றாம் பாலினத்தைச் சேர்ப்பது பற்றி 2020-இல் உள்துறை அமைச்சகம் படைகளிடம் கருத்துக் கேட்டது. தன்பாலீர்ப்புள்ள சிப்பாயைப் பற்றி அந்த அளவுக்குக்கூட யாரும் கருத்துக் கேட்கவில்லை. அவர் வெளியே தெரியாதவர் என்பதால் அவர் இல்லை என்று வைத்துக்கொள்வது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

எதிர்த்தரப்பின் கவலைகளைத் தட்டிக்கழிக்கக் கூடாது. படை என்பது அலுவலகம் இல்லை. பதுங்குகுழியிலும் பனிமலைக் கூடாரத்திலும் உடம்போடு உடம்பு ஒட்டிக் கிடக்க வேண்டும், ஒருவன் உயிர் இன்னொருவன் கையில் இருக்கும், அங்கே மனவிலகல் வந்தால் ஆபத்து என்கிறார்கள். வரலாற்றைச் சாட்சிக்கு அழைப்பவர்களுக்கு வேலூர் பக்கத்திலேயே இருக்கிறது. சிப்பாய்களின் மதக்குறியையும் தாடியையும் தொட்டு, புதுத் தலைப்பாகையைத் திணித்ததற்காக 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டை எழுந்தது. சிப்பாயின் நம்பிக்கையில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லைதான். ஆனால் அங்கே மேலே இருந்தவர்கள் ஒவ்வொரு சிப்பாயின் உடம்பிலும் மாற்றத்தைத் திணித்தார்கள். இங்கே யாரும் யாரையும் எதையும் மாற்றச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஏற்கெனவே படுத்திருக்கிறவன் பொய் சொல்லாமல் அங்கேயே படுத்திருக்கலாம், அவ்வளவுதான். வேலூரோடு ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், தன் அடையாளத்தை மறைக்கச் சொல்லி வற்புறுத்தப்படுகிறவன் இன்று அவன்தான்.

இந்தக் கவலைகள் உண்மையாகுமா என்று சோதித்துப் பார்த்த நாடுகள் நிறைய உண்டு. நெதர்லாந்து 1974-இலேயே தடையை எடுத்தது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் 1992-இல், இஸ்ரேல் 1993-இல். ஆனால் நமக்கு நெருங்கிய பாடம் பிரிட்டன், ஏனென்றால் நம் படைச் சட்டத்தின் தாய்வீடு அது. அங்கே ராணுவப் போலீஸ் சிப்பாய்களின் பெட்டிகளைச் சோதித்தது, கடிதங்களைப் படித்தது, படுக்கையறைக் கேள்விகளைக் கேட்டது. பாக்லாந்துப் போரில் பணியாற்றிய ஜோ ஊசாலிஸ் என்ற கடற்படை வீரரின் சீருடையிலிருந்து பதக்கத்தை வெட்டி எடுத்து வெளியே அனுப்பினார்கள். நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகுதான் அது அவரிடம் திரும்பியது. தடை நீக்கப்பட்டால் படை குலையும் என்று 1996-இல் பாதுகாப்பு அமைச்சகமே ஒரு குழுவை வைத்து எழுதியது. 1999 செப்டம்பர் 27 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, 2000 ஜனவரி 12 அன்று தடை போயிற்று. குலையும் என்று சொன்ன எதுவும் குலையவில்லை. 2023 ஜூலை 19 அன்று பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் எழுந்து, அரசின் சார்பில் அந்த முன்னாள் வீரர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு 7.5 கோடி பவுண்டு இழப்பீடு அறிவிக்கப்பட்டது. சட்டத்தை எழுதிக் கொடுத்தவர்களே அதற்காக வருந்திப் பணம் கட்டுகிறார்கள்.

அமெரிக்கா 1993-இல் ஒரு நடுவழியைப் பிடித்தது. நீ சொல்லாதே, நாங்கள் கேட்க மாட்டோம் என்பது அந்த ஏற்பாடு. நம் ஊரில் சிலர் இதையே நல்ல தீர்வு என்கிறார்கள், அதனால் அதன் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். பதினேழு ஆண்டுகளில் 13,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். படைக்கு அரிதாகக் கிடைக்கும் அரபு மொழிபெயர்ப்பாளர்களும் அவர்களில் இருந்தார்கள், அதுவும் இராக்கில் போர் நடந்த காலத்தில். 2010-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படையினரிடம் கருத்துக் கேட்டபோது, மாற்றத்தால் தங்கள் பிரிவுக்குக் கேடு வராது அல்லது நன்மையும் தீமையும் கலந்திருக்கும் என்று பத்தில் ஏழு பேர் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 20 அன்று அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அங்கே திருநரின் நிலை அரசு மாறும்போதெல்லாம் புரள்கிறது, 2025-இல் மறுபடியும் கதவு அடைபட்டது. தன்பாலீர்ப்புள்ளவர்களின் பணியோ அப்படியே நிற்கிறது.

மிரட்டல் பற்றியும் ஒரு வாதம் உண்டு. ரகசியம் உள்ளவனை எதிரி மிரட்டலாம் என்பது சரி. அந்த ரகசியத்தை உண்டாக்கியது யார்? சொன்னால் வேலை போகும் என்ற விதிதான் மிரட்டுகிறவன் கையில் கத்தியைக் கொடுக்கிறது. கமாண்டிங் ஆபீசருக்கும் வீட்டுக்கும் தெரிந்த ஒன்றை வைத்து யாரை மிரட்ட முடியும்?

ஆசியாவிலும் கதை நகர்கிறது. தென் கொரியாவில் 2017-இல் சிப்பாய்களைத் தேடித் தேடி விசாரித்தார்கள். 2022 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பணியில் இல்லாத நேரத்தில் தனியிடத்தில் மனமொத்து நடந்ததற்கு ராணுவத் தண்டனை செல்லாது என்றது. சிங்கப்பூரில் தமிழ்ப் பையன்களும் பதினெட்டு வயதானால் தேசிய சேவைக்குப் போயாக வேண்டும். அங்கே தன்பாலீர்ப்பை ஒப்புக்கொண்டவர்களுக்கு '302' என்ற மருத்துவக் குறியீடு இட்டுப் போர்ப்பணியிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். ஆனாலும் அவர்கள் சேவை செய்தார்கள். இலங்கையில் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் மசோதா அரசமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தில் ஆண்களே நிறைந்திருக்கிறார்கள். 1992 முதல் நம் தரைப்படையில் பெண் அதிகாரிகள், பரங்கிமலைப் பயிற்சிக் கழகத்தில் தேறியவர்கள், இருக்கிறார்கள். ராணுவப் போலீஸில் பெண் சிப்பாய்கள் 2021 முதல். அமெரிக்கத் தடைக் காலத்தில், படையில் இருந்த விகிதத்தைவிட அதிக விகிதத்தில் வெளியேற்றப்பட்டவர்கள் பெண்களே. ஆண் அதிகாரி ஒருவரின் ஆசைக்கு இணங்க மறுத்தால், இவள் அந்த மாதிரி என்று முத்திரை குத்திவிடலாம். தடை இருக்கும் வரை அந்த முத்திரை ஒரு வேலையைப் பறிக்கும் ஆயுதம். ஆணை விரும்பும் பெண்ணுக்கும் அதிலிருந்து பாதுகாப்பு இருக்கவில்லை.

குற்றம் என்பதை நீக்கினால் மட்டும் போதுமா? போதாது. படைக்காரனின் வாழ்க்கை காகிதங்களில் ஓடுகிறது. கல்யாணம் ஆனால் 'பார்ட் டூ ஆர்டர்' போட வேண்டும். அதை வைத்துத்தான் குவார்ட்டர்ஸ், கேன்டீன் கார்டு, மருத்துவத் திட்டம், அவன் இறந்தால் குடும்பப் பென்ஷன். தன்பாலினத் திருமணத்துக்கு உரிமை இல்லை என்று 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்த துணைக்கு இந்தக் காகிதங்கள் எதிலும் இடம் இல்லை. எல்லையில் ஒருவர் விழுந்தால் தகவல் வீட்டுக்குப் போகும், மூவண்ணக் கொடி போர்த்திய பெட்டி வரும், ஊரே கூடும். கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவரிடம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். திருமணச் சட்டத்துக்குக் காத்திருக்காமலே, தான் குறிப்பிடும் ஒருவருக்கு முதலில் தகவல் தெரிவிக்கும் உரிமையையாவது படை விதிகளால் கொடுக்க முடியும்.

இனி ஊருக்கு வருகிறேன். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் கட்டுகிற பக்கம். செஞ்சியை அடுத்த மேலச்சேரி அந்த வழிபாட்டின் முதன்மையான தலமாகவே கருதப்படுகிறது. ஊரே பாயை விரித்து விடிய விடியக் கூத்துப் பார்க்கும். அதில் விராடனின் ஆநிரையை மீட்கப் போர் செய்கிறவன் யார்? பேடி வடிவில் அந்தப்புரத்தில் ஆடல் சொல்லிக்கொடுத்த பிருகன்னளை. பீஷ்மர் வில்லைக் கீழே போட்டது யார் முன்னால்? சிகண்டி முன்னால். போரில் வெற்றி கிடைக்கத் தன்னையே களப்பலி கொடுத்த அரவானுக்கு மனைவியானது, பெண்ணுருவெடுத்த கண்ணன். அந்த அரவானுக்குச் சித்திரையில் கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்ள ஆயிரக்கணக்கான திருநங்கைகள் வருகிறார்கள். இவர்கள் யாரும் தன்பாலீர்ப்புள்ளவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, புராணத்தை இன்றைய சொல்லுக்குள் அடைக்க முடியாது. ஆனால் போர்க்களத்தில் ஒருவகை ஆணுக்கு மட்டுமே இடம் என்று எங்கள் ஊர்க் கூத்து ஒருநாளும் சொன்னதில்லை.

ஊரை நான் வெள்ளையடிக்கவும் இல்லை. கூவாகத்தில் கும்பிட்ட கையே விழுப்புரம் பஸ் நிலையத்தில் திருநங்கையை விரட்டுகிறது. தன்பாலீர்ப்புள்ள பிள்ளைக்கு அவசரக் கல்யாணம் செய்துவைத்து இரண்டு உயிர்களைப் பாழாக்குகிற வீடுகள் இங்கே உண்டு. லீவில் வரும் சிப்பாய்க்குப் பெண் பார்ப்பது எங்கள் ஊரில் திருவிழா மாதிரி. அவன் வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள், காரணத்தை அவன் சொல்ல முடியாது. ஊர் மாற வேண்டியது நிறைய இருக்கிறது. அது மாறியும் வருகிறது, மாறுவதற்குச் சட்டம் கைகொடுக்கிறது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்புள்ளவர்களையும் திருநரையும் 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை சொன்னார். அதற்கு முன் தமக்கே இது பற்றிப் புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஆலோசகரிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்து எழுதினார். 2022-இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளைத் திருத்தி, இவர்களைத் துன்புறுத்துவது தவறு என்று சேர்த்தது. மரியாதையோடு அழைப்பதற்கான தமிழ்ச் சொற்களை அரசிதழிலேயே வெளியிட்டது. எங்கள் போலீஸ்காரரும் கிராமத்துக்காரர்தான். விதி வந்தபின் அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிப்பாய்க்கு மட்டும் கற்கும் திறன் இல்லை என்பது அவனை இழிவுபடுத்துகிற பேச்சு.

எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது, 46-ஆம் பிரிவிலிருந்து 'இயற்கைக்கு மாறான' என்ற சொல்லை எடுத்துவிட்டு, சம்மதமில்லாத செயலுக்கு ஆண் பெண் வேறுபாடு பாராத தனிப் பிரிவை எழுதுவது. இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. உரிமையைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் 33-ஆவது பிரிவு, சுருக்கியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டின் முப்பத்தொன்பது மக்களவை உறுப்பினர்களில் ஒருவர் தனிநபர் மசோதாவாகக்கூட இதைத் தொடங்கலாம்.

ஆனால் என் வேண்டுகோள் முதலில் அவர்களிடம் இல்லை. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கங்களில் பணி முடித்துப் பென்ஷன் வாங்கும் நாயக்குகளே, ஹவில்தார்களே, சுபேதார்களே, உங்களிடம்தான். உங்கள் பிளட்டூனில் இப்படி ஒருவர் இருந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். தெரிந்தும் அவரோடு உண்டு, உறங்கி, காவல் நின்றிருக்கிறீர்கள். உங்களால் முடியாது என்று டெல்லியில் உங்கள் பெயரைச் சொல்லித்தான் மறுக்கிறார்கள். முடியும் என்று உங்கள் சங்கத்தின் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.